சோடியம் லைட்டின் கடைசிப் பாட்டு

இந்த அடாப்டரைக் கொடுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன் டீச்சர். அறுப்பின் பண்டிகை ஏலத்துல எங்க வீட்டுக் கீபோர்டை நீங்க எடுத்தீங்க இல்லையா, அதுக்கு உரிய அடாப்டர் எங்க பீரோ மேல்தட்டுலயே கிடந்துபோச்சு. ஆறு பேட்டரி போட்டு வாசிக்கிறீங்களாம், பாட்டு நடுவுல சுருதி இறங்கி பிள்ளைங்க எல்லாம் சிரிக்காங்களாம், எங்க கோயில்ல மணியடிக்கிற கோயில்குட்டி சொன்னார். எனக்குச் சங்கடமாப் போச்சு. போன வாரம் பிரசங்கத்துல எங்க சபை ஐயர் வேற, காணிக்கை கொடுக்கும்போது கொஞ்சத்தை ஒளிச்சு வச்சவங்களுக்கு என்ன நடந்ததுன்னு விலாவாரியாச் சொன்னார். நான் ஒளிக்கலை டீச்சர். மறந்துதான் போனேன். ஆனா யாரு கண்டா, என் மனசே ஒளிச்சிருக்கும்.

இல்லை. பொய் சொல்லக் கூடாது, அதுவும் சின்னப் பிள்ளைங்க படிக்கிற இடத்துல உட்கார்ந்துக்கிட்டு. நான் கொடுக்க வரலை. கேக்க வந்திருக்கேன். அந்தக் கீபோர்டு எனக்குத் திரும்ப வேணும். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும். பதிலுக்கு உங்க பிள்ளைங்களுக்குப் புதுசே வாங்கித் தந்துடுறேன்.

முகத்தைப் பார்த்தா உங்களுக்குக் கோபம் இல்லைன்னு தெரியுது. அப்ப முழுசாச் சொல்லிடுறேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு.

ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரருக்குப் பத்தாவது வருஷ நினைவு. ஞானதுரை, டெப்போவில கிளார்க்கா இருந்தார், கோயில்ல கீபோர்டு வாசிச்சார், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த நாள்ல குடும்பமா ஆலயத்துல சபைக்கு முன்னால போய் நிப்போம். மூத்தவன் கெர்சோம் அப்பாவோட கீபோர்டை வாசிப்பான். சின்னவ எப்சிபா பாடுவா. அவர் போன மறுவருஷத்துல இருந்து ஒம்பது தடவை. ஒரு வருஷம் அவளுக்குத் தொண்டை கட்டிப்போய், சத்தமே வராம வாயை மட்டும் அசைச்சா. அப்பவும் விடலை.

இந்த வருஷம் ரெண்டு பேரும் வரமாட்டேன்னுட்டாங்க. அவன் மெட்ராஸ்ல. அவ பெங்களூர்ல. அவனுக்குப் போன் போட்டேன்.

"எதை வச்சும்மா வாசிக்க?"ன்னு கேட்டான்.

"கோயில்ல புதுசு வாங்கிப் போட்டிருக்காங்கல்லா."

"அது கோயில் கீபோர்டும்மா."

வச்சுட்டான்.

அவளுக்குப் போட்டேன். "அண்ணன் வராம நான் என்னத்தப் பாட? நீங்களே பாடுங்க." அப்புறம், "அண்ணன் கடைசியாப் போட்ட பாட்டைக் கேட்டீங்களா?"ன்னா. கேட்டேன்னு சொன்னேன். "முழுசாக் கேட்டீங்களா?" பாதி கேட்டேன். "முழுசாக் கேளுங்கம்மா." அவளும் வச்சுட்டா.

சரி, எல்லாம் இந்தப் பெட்டியைக் கொடுத்ததுல வந்த வினை, பெட்டி வந்துட்டா பிள்ளைங்களும் வந்துடும்னு நினைச்சு, காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன்.

அது என்ன பாட்டுன்னு கேக்கிறீங்க. என் பிள்ளைங்க ரெண்டு பேரும் பாட்டுக்காரங்க டீச்சர். சினிமாப் பாட்டு இல்லை, கோயில் பாட்டும் இல்லை. சொந்தமாப் போடுற பாட்டு. அவங்க கூட்டுக்குப் பேரு சோடியம் லைட். தெருக்கம்பத்துல முன்னால மஞ்சளா எரியுமே, அந்த விளக்கு. "ஏம்பா, லைட்டுக் கம்பத்துக்கு இருக்கிற பேரைப் போய் வச்சிருக்கீங்க, வேற பேரே கிடைக்கலையா"ன்னு கேட்டேன். "அந்த வெளிச்சம் மாதிரிதாம்மா எங்க பாட்டு"ன்னான் கெர்சோம். "அந்த வெளிச்சத்துல பச்சைச் சேலை கூடக் கறுப்பாத்தான் தெரியும்"னு சொன்னேன். எப்சிபா விழுந்து விழுந்து சிரிச்சா. அப்ப எல்லாம் அந்த வீட்டுல சிரிப்பு இருந்தது.

மாடியில ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை. அதுலதான் எல்லாம். தெருவுல பஸ் ஓடாத நேரம் வேணும்னு விடியக்காலை எழும்பி ரெக்கார்டு பண்ண உட்காருவாங்க. நானும் அஞ்சு மணிக்குக் கீழே அடுக்களையில முழங்கால் போட்டுடுவேன். எனக்குச் சத்தமா ஜெபிச்சாத்தான் ஜெபிச்ச மாதிரி இருக்கும், மனசுக்குள்ள சொன்னா நடுவுல சாம்பாருக்குப் புளி இருக்கான்னு யோசனை போயிடும். ஒரு நாள் கெர்சோம் படியில நின்னுக்கிட்டு, "அம்மா, உங்க ஜெபம் மைக்குல விழுது"ன்னான். "விழட்டும். ஆண்டவர் காதுல விழுந்தாச் சரி"ன்னேன். "ஜெபத்துக்கு நடுவுல பால்காரனை அதட்டுறதும் விழுது"ன்னான். சுடலைன்னு பால்காரன். நான் கண்ணை மூடியிருக்கிறது தெரிஞ்சா பாலைப் படியில வைக்காம வாசல்லயே வச்சுட்டுப் போவான், பூனை கவிழ்த்துடும். கண்ணைத் திறக்காமலே சொல்லிடுவேன். ஆண்டவருக்கும் பூனை தெரியும்.

முதல்ல போட்ட பாட்டெல்லாம் எனக்குப் பிடிக்கும் டீச்சர். உள்ளதைச் சொல்றேன். இந்தக் கீபோர்டு ஒண்ணுதான். அதுல ரிதம் பட்டன் பத்துப் பன்னிரண்டு இருக்கே, எங்க வீட்டுக்காரர் அதுல ஒண்ணே ஒண்ணைத்தான் போடுவார். டொக் டொக் டொக்னு. கிறிஸ்மஸ் பாட்டானாலும் அதுதான், அடக்க ஆராதனையானாலும் அதுதான், கொஞ்சம் மெதுவா. பிள்ளைங்களும் அதையே போட்டாங்க. மேல எப்சிபா, ஞாயிறு பள்ளியில பாடுற மாதிரி, ஒரு அலட்டல் இல்லாம பாடுவா. எஸ்டிடி பூத்துல சிவப்பு நம்பர் ஓடுறதைப் பத்தி ஒரு பாட்டு. டெப்போவுல கடைசி பஸ் வந்து நின்னதும் எஞ்சின் சூடு குறையிற சத்தத்தைப் பத்தி ஒரு பாட்டு. அதுக்கெல்லாம் பாட்டான்னு தோணும். ஆனா கேக்கும்போது, நாம கழுவிக் கவிழ்த்து வச்ச டம்ளரை யாரோ நிமிர்த்தி வச்ச மாதிரி இருக்கும்.

அந்த மூணாவது கட்டை உங்களுக்குத் தெரியுமே. வெள்ளைக் கட்டையில பிளாஸ்திரியை ஒட்டி ச, ரி, க எல்லாம் எழுதியிருப்பார் பாருங்க, அவர் கையெழுத்துதான். அந்த 'க' கட்டையை அழுத்துனா சீக்கிரத்துல எழும்பாது. கையை எடுத்த பிறகும் ஒரு நொடி அங்கேயே கிடந்து இழுக்கும். ரிப்பேருக்குக் கொடுக்கலாம்னேன் ஒரு தடவை. கெர்சோம் பதறிட்டான். அந்த இழுப்புக்காகத்தான் ஜனம் கேக்குதாம். போன்ல எழுதியிருக்கிறதை எனக்கு வாசிச்சுக் காட்டுவாங்க. ஒரு பிள்ளை எழுதியிருந்தது, நான் பிறந்தது ரெண்டாயிரத்து மூணுல, இருந்தாலும் இதைக் கேட்டா அந்தப் பழைய காலத்தை நினைச்சு அழுகை வருதுன்னு. பிறக்காத வருஷத்தை நினைச்சு ஒரு பிள்ளை ஏன் அழணும்னு எனக்கு விளங்கலை. அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபத்துல ஒரு வார்த்தை சேர்த்துக்கிட்டேன்.

அப்புறம் சத்தம் மாறுச்சு.

அது சின்னவளால. கம்ப்யூட்டர் வாங்கினாங்க, என்னென்னமோ பெட்டி வந்தது. அவ குரலையே நாலா எட்டா ஆக்கி, கிணத்துக்குள்ள நாலு பேர் நின்னு பாடுற மாதிரி ஆக்கினா. கீழே தரை அதிரும், அடுக்களையில தட்டு தன்னால நகரும். பாட்டும் மாறிப்போச்சு. பூத்தும் இல்லை, டெப்போவும் இல்லை. அவ எழுதுற பாட்டு எல்லாம் 'போறேன், போறேன்'னு இருக்கும். எங்கே போறாள்னு அதுல இருக்காது. மெட்ராஸ்ல, பெங்களூர்ல எல்லாம் மேடைக்குக் கூப்பிட்டாங்க. அண்ணனும் தங்கச்சியுமா போயிட்டு வருவாங்க.

எனக்கு அங்கேதான் பயம் பிடிச்சது. அவளுக்கு இருபத்தேழு ஆயிட்டு. ஒரு நல்ல இடம் வந்தது, மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி லேபுல வேலை, ஜெபிக்கிற குடும்பம். மாப்பிள்ளையோட அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. "பொண்ணு கோயில்ல பாடட்டும், எவ்வளவு வேணும்னாலும் பாடட்டும். அண்ணன் பின்னால மேடை மேடையாப் போறதுதான் எங்க வீட்டுல யாருக்கும் பிடிக்கலை." தப்பாச் சொல்லலையே அவங்க.

நான் யாரையும் ஒண்ணும் சொல்லலை டீச்சர். பிள்ளைங்களை அதட்டினது கிடையாது நான். அவங்க அப்பா கூட ஒரு அடி ரெண்டு அடி வச்சிருக்கார், நான் கையை ஓங்கினது இல்லை. எது ஒண்ணுன்னாலும் ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன். அப்பவும் அவர்கிட்டதான் சொன்னேன். தினம் சொன்னேன். வேற என்ன கேட்டுடப் போறேன், அவளுக்கு ஒரு நல்ல வாழ்க்கை அமையணும்னுதான்.

அப்ப ஒரு நாள் மாடியில சண்டை. நான் துணி காயப்போட மேல போனேன். ரெண்டு பேரும் என்னைப் பார்க்கலை.

"அண்ணே, எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கு. அந்த டொக் டொக்கை எடுத்துடு."

"அது அப்பா போட்ட ரிதம்."

"வேற பட்டன் என்னன்னு தெரியாமப் போட்டது."

"ஏட்டி, பல்லு விழுந்த வாயோட நீ முதல் முதல்ல பாடினதே இதுலதான்."

"இப்ப எனக்குப் பல்லு இருக்கு. அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு நீ அழு. நான் போறேன்."

"போயேன். உன் பாட்டு பூரா அதைத்தானே சொல்லுது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கிட்டுக் கீழே இறங்கிட்டேன். இறங்கும்போதே உள்ளே ஒரு வெளிச்சம் அடிச்ச மாதிரி இருந்தது. ஆகா, இந்தப் பெட்டிதான் ரெண்டு பேருக்கும் நடுவுல கிடக்கு. இதை எடுத்துட்டா இவன் அவளை விட்டுடுவான், அவளுக்கும் வழி பிறக்கும்.

அந்த மாசம் அறுப்பின் பண்டிகை. மத்த வீட்டுல வாழைத்தார் வரும், சேவல் வரும், ஒருத்தர் வெள்ளாட்டுக் குட்டி கொண்டு வந்தார். வருஷா வருஷம் நான் ரெண்டு பூசணிக்காய் கொடுப்பேன். இந்தத் தடவை, வீட்டுல அருமையானது எதுவோ அதைக் கொடுக்கிறேன் ஆண்டவரே, பிள்ளைகள் காரியத்தை வாய்க்கப் பண்ணும்னு பொருத்தனை பண்ணிட்டேன். பிள்ளைங்க ரெண்டு பேரும் மெட்ராஸ்ல மேடைக்குப் போயிருந்தாங்க. நானே போர்வையில சுத்தி ஆட்டோவில கொண்டுபோனேன். கோயில்குட்டி ஏலம் கூறும்போது "ஞானதுரை வாசிச்ச பெட்டி, ஞானதுரை வாசிச்ச பெட்டி"ன்னு கூவினார். எங்க சபைக்காரங்க ஒருத்தரும் கேக்கலை பாருங்க, அவங்களுக்கு மனசு வரலை போல. வெளியூர்ல இருந்து விருந்துக்கு வந்த நீங்கதான் கையைத் தூக்கினீங்க. உங்களை நான் குத்தம் சொல்லலை. நல்ல கைக்குத்தான் போச்சுன்னு அன்னைக்குச் சந்தோஷமாத்தான் வீட்டுக்குப் போனேன்.

ரெண்டு நாள் கழிச்சு அவங்க வந்தாங்க. கெர்சோம் மேல போனான், கீழே இறங்கி வந்தான்.

"அம்மா, கீபோர்டு எங்க?"

"ஆண்டவருக்குக் கொடுத்துட்டேன்யா."

"ஆண்டவருக்கு வாசிக்கத் தெரியுமா?"ன்னு கேட்டான். சத்தம் போடலை. நான் காதைப் பொத்திக்கிட்டேன், இப்படிப் பேசுறானேன்னு. சின்னவதான் கத்தினா. அவளுக்காகத்தான் கொடுத்தேன், அவளே கத்துறா. "சத்தத்தை மாத்துன்னுதான் சொன்னேன், பெட்டியைத் தூக்குன்னா சொன்னேன்? அது எங்க அப்பாம்மா"ன்னு தரையில உட்கார்ந்து அழுதா. எனக்கு ஒண்ணும் ஓடலை. அந்தப் பெட்டி வேண்டாம்னு சொன்னவ அவதானே?

மறுநாள் காலையில நான் ஜெபம் முடிச்சு எழும்புறேன், கெர்சோம் பையோட படியில உட்கார்ந்திருக்கான். எவ்வளவு நேரமா உட்கார்ந்திருந்தானோ.

"அம்மா, எனக்காக என்ன ஜெபிக்கீங்க?"ன்னான்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம் டீச்சர். பெரியவனானதுக்கு அப்புறம் இந்தக் கேள்வியை அவன் கேட்டதே இல்லை. பெட்டி போனதும் பையனுக்கு மனசு திரும்புதுன்னு நினைச்சேன். "எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜெபிக்கிற மாதிரிதான்யா"ன்னேன். சிரிச்சுக்கிட்டான். பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எட்டு மாசம் ஆச்சு. அடுத்த மாசம் அவளும் வேலைன்னு பெங்களூருக்குப் போயிட்டா. அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற இடம் பார்த்துட்டாங்க.

சோடியம் லைட்டும் முடிஞ்சுபோச்சுன்னுதான் சொல்லணும். அவன் போன மூணாவது வாரத்துல ஒரு பாட்டு வந்தது, பேரு 'அஞ்சு மணி'. அதுக்கு அப்புறம் ஒண்ணும் வரலை. அந்தப் பாட்டை நான் கேட்டேன். எனக்குப் பிடிக்கலை. அதுல பாட்டே இல்லை டீச்சர். கீபோர்டு இல்லை, டொக் டொக் இல்லை, எப்சிபா இல்லை. காத்து சத்தம் மாதிரி ஒண்ணு. அதுக்குள்ள யாரோ ஒரு பொம்பளை முனகிக்கிட்டே இருக்கா. மெட்ராஸ்ல பக்கத்து வீட்டு அம்மா யாரையாவது பிடிச்சுப் பேச வச்சுட்டான் போல. குரலை இழுத்து இழுத்து என்ன சொல்றாள்னே விளங்காது. அந்தம்மாவுக்கு மனசுல ஏதோ பாரம் இருக்கு, அது தெரியுது. ஆனா கேக்கக் கேக்க ஒரு எரிச்சல் வருது. ஒரே பிடிவாதம் அந்தக் குரல்ல. வேணும்னு கேட்டா வாங்காம விடமாட்டேங்கிற பிடிவாதம். இப்படி ஒரு பொம்பளைகூட இருக்கிற பிள்ளைங்க பாவம்னு தோணுச்சு. பாதியில நிறுத்திட்டேன். அந்தம்மாவுக்கு மனச் சமாதானம் கொடும்னு ஒரு வார்த்தை ஜெபிக்கவும் செஞ்சேன்.

போன்லதான் இருக்கு. கேக்கிறீங்களா? இதுல சத்தம் சின்னதா வரும், என் காதும் முன்ன மாதிரி இல்லை. காலைல பிள்ளைங்களுக்குப் பிரேயர் வைக்கிற ஸ்பீக்கர்ல போட முடியுமா? போடுங்க. இன்னைக்கு முழுசாக் கேட்டுட்டேன்னு அவகிட்டச் சொல்லலாம்.

இந்தா, காத்து. இப்படித்தான் ரொம்ப நேரம் ஓடும். இந்தச் சத்தம் மழை இல்லை டீச்சர், எங்க மாடி ஆஸ்பெஸ்டாஸ். காலைல வெயில் ஏறும்போது இப்படித்தான் சடசடன்னு சத்தம் போடும். ஸ்பீக்கர்ல நல்லாக் கேக்குது. அந்த அறையை நினைச்சுக்கிட்டு இருந்திருக்கான்.

இந்தா, அந்தப் பொம்பளை.

போன்ல இவ்வளவு தெளிவா இல்லை. ஏதோ பேரைச் சொல்லுதா.

ஏன் டீச்சர் என்னையே பார்க்கிறீங்க?

கெர்சோம்னா சொல்லுதா? அவ எப்படி எம்மவன் பேரை…

கொஞ்சம் இருங்க.

"பாலைப் படியில வை சுடலை."

டீச்சர், அது எங்க வீட்டுப் பால்காரன்.

வேண்டாம், நிறுத்தாதீங்க. நிறுத்தாதீங்க. முழுசாக் கேக்கச் சொன்னா.

…

திரும்பத் திரும்ப அதையேதான் வச்சிருக்கான். உங்களுக்கும் விளங்குதா? 'கெர்சோமை நீர் கொடுத்தீர், நான் குறை சொல்லலை. எப்சிபாவை அவன் கையில விட்டுடாதேயும். அவனை விட்டுப் பிரிச்செடும். அவன் சத்தம் அவ காதுல விழாத தூரத்துல வையும்.' நான் சொன்னதுதான். என் வாய்தான். ஒரு நாள் சொன்னது இல்லை, ஒரு வருஷம் பூரா சொன்னது. சொல்லும்போது இப்படி இருக்கலை டீச்சர். சொல்லும்போது அது கண்ணீரா இருந்தது.

விழாத தூரத்துல. விழாத தூரத்துல. அதை மட்டும் எத்தனை தடவை சுத்த விடுதான் பாருங்க. அவங்க அப்பா ரிதம் மாதிரி, டொக் டொக்னு.

முடியப் போகுதா? நான் நிறுத்தினது இதுக்கு எவ்வளவோ முன்னால.

இப்ப ஒரு குரல் கேட்டுச்சே, கடைசியில. ஒரே ஒரு வார்த்தை. எனக்குக் கேட்டது சரிதானான்னு சொல்லுங்க.

ஆமென்னா சொன்னான்?

அது கெர்சோம்தான். சின்னப் பிள்ளையில அப்படித்தான் சொல்லுவான். குடும்ப ஜெபம் எப்ப முடியும்னு காத்துக்கிட்டே இருந்துட்டு, நான் முடிச்சதும் எல்லாருக்கும் முன்னால ஆமென்னு சொல்லிட்டு எழும்பி ஓடிடுவான். இப்பவும் அதான் செஞ்சிருக்கான். சொல்லிட்டு எழும்பிப் போயிட்டான்.

தண்ணி வேண்டாம் டீச்சர். இல்லை, கொடுங்க.

ஒவ்வொரு நாளும் மேல உட்கார்ந்து கேட்டிருக்கான். மைக்குல விழுதுன்னு என்கிட்டச் சொன்னானே. எது விழுதுன்னு நான் கேக்கலையே. ஒருவேளை அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லாம, அந்தச் சின்ன அறையில உட்கார்ந்து… அவ பாட்டு எல்லாம் 'போறேன், போறேன்'னு இருந்ததே. நான் தட்டு நகருதுன்னு குறைப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

நீங்க பெட்டியை எடுத்துட்டு வர வேண்டாம் டீச்சர். கொடுக்கிறேன்னு சொன்னதே போதும், பெரிய மனசு. அது இங்கேயே இருக்கட்டும். அதைத் தூக்கிக்கிட்டுப் போய் அவன் முன்னால வச்சா, அவன் என்னத்துக்கு வருவான்? பெட்டியைத் திருப்பி வாங்கலாம். நான் கேட்டதை ஆண்டவர் கேட்டபடியே கொடுத்துட்டாரே. அவன் சத்தம் அவ காதுல விழலை. என் காதுலயும் விழலை. இதை யார்கிட்டப் போய்த் திருப்பிக் கேக்க?

அவருகிட்டயே கேக்கலாம், ஆமா. நாளைக்கு அஞ்சு மணிக்குக் கேக்கலாம். ஆனா அவர்கிட்டச் சொல்லிச் சொல்லித்தானே இவ்வளவும் ஆச்சு டீச்சர். அந்த ஒரு வருஷத்துல அவன்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொன்னேனா? தோசை வேணுமான்னு கேட்டேன். சட்டையைத் துவைக்கப் போடுன்னு சொன்னேன். அதுக்கு மேல நினைவு வரலை.

இந்த அடாப்டரை நீங்க வச்சுக்கோங்க. வாங்க, பெட்டி இருக்கிற இடத்துலயே முதல்ல இதைச் சொருகிப் பாருங்க, வேலை செய்யுதான்னு. எட்டு மாசமாப் பீரோவுல கிடந்தது. அந்தச் சிவப்பு லைட் எரியுதா? எரியுது. பிளாஸ்திரி எல்லாம் அப்படியே இருக்கே. பிள்ளைங்க கிழிச்சிருக்கும்னு நினைச்சேன். நீங்கதான் கிழிக்க விடலையா? நல்லது டீச்சர்.

எனக்கு ஒரு உதவி மட்டும் செய்யுங்க. நான் அவனுக்குப் போன் போடுறேன். போட்டுட்டு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை, ஆண்டவரேன்னு தொடங்கித்தான் இந்த வாய்க்குப் பழக்கம். நான் கையைக் காட்டும்போது அந்த மூணாவது கட்டையை, 'க'ன்னு எழுதியிருக்கு பாருங்க, அதை ஒரு தரம் அழுத்திட்டு விடுங்க. ரிதம் எல்லாம் வேண்டாம். அது ஒண்ணு போதும். முப்பது வருஷம் தூசி தட்டியிருக்கேன், ஒரு நாளும் அழுத்தினது இல்லை. தப்பா அழுத்திடுவேனோன்னு இருக்கு.

ரிங் போகுது.

எடுத்துட்டான்.

இப்ப அழுத்துங்க.

…

கெர்சோம், அம்மா பேசுறேன். கேட்டேன் மக்கா. முழுசாக் கேட்டேன்.

…

என்ன சொல்றான்னு கேக்காதீங்க டீச்சர். அவன் பேசவும் இல்லை, வைக்கவும் இல்லை. பஸ் போனாப் போகட்டும்.

இன்னொரு தரம் அழுத்துங்க.